மிளகாயில் இருப்பது அந்தக் காரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நாளிதழ்களின் மாணவர் பக்கங்களில் 'வீட்டிலேயே செய்து பார்' குறிப்புகள் வரத் தொடங்கும். அமிலமும் காரமும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். செம்பருத்திச் சாறு நிறம் மாறும், மஞ்சள் சிவக்கும், ஆப்ப சோடாவில் வினிகர் பொங்கும் என்று எழுதியிருப்பார்கள். எவ்வளவு எடுக்க வேண்டும், எந்தத் தண்ணீரில் கரைக்க வேண்டும், நிறம் வராவிட்டால் எங்கே பிசகியது என்று மட்டும் எழுதுவதில்லை. பிள்ளை ஆசையோடு செய்து பார்க்கும்; சொன்ன நிறம் வராது; "நமக்கு வரலை" என்று எடுத்து வைத்துவிடும். அந்த இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது. அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குக் 'காரம்' என்றால் மிளகாய்தான். பாடப் புத்தகத்தில் காரம் கசக்கும், வழுவழுப்பாக இருக்கும் என்று படித்தாலும், மனத்துக்குள் மிளகாய்த் தூள் உட்கார்ந்திருக்கிறது. "வீட்டில் உள்ள காரத்துக்கு ஓர் உதாரணம் சொல்" என்று கேட்டால் "ஊறுகாய்" என்று பதில் வருவது இதனால்தான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'மூலம்' என்ற சொல் இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. நாம் 'காரம்' என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் சோதனையே மிளகாயாக இருக்கட்டும். ஒரு பச்சை மிளகாயை நசுக்கி இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு எடுத்து மஞ்சள் தடவிய காகிதத்தில் வைத்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். பக்கத்தில் ஒரு சொட்டு சுண்ணாம்புத் தெளிநீரை (சுண்ணாம்பைக் கலக்கிய தண்ணீர் தெளிந்ததும் மேலே நிற்பது) வைத்தால் உடனே செந்நிறமாகும். மிளகாயின் எரிச்சல் கேப்சைசின் என்ற பொருளால் வருவது. நாக்கில் சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டிவிடுகிறது. மிளகாய்ச் சாறு உண்மையில் லேசான அமிலத்தன்மை கொண்டது. (மிளகாய்த் தூள் வேண்டாம், அதன் சிவப்பே கண்ணை ஏமாற்றிவிடும். பச்சை மிளகாயை நசுக்கியவர் கை கழுவாமல் கண்ணைத் தொடவும் கூடாது.)

மஞ்சளைப் பொறுத்தவரை நம் வீடுகளில் இந்தச் சோதனை காலங்காலமாக நடந்துவருகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரில் ஒரு துளி சுண்ணாம்பைக் கரைத்ததும் குருதிச் சிவப்பாக மாறுகிறதே, அதைவிடத் தெளிவான நிறங்காட்டி கடையில் கிடைக்காது. அரைத் தம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டுக் கலக்கி, பச்சைப் பயறு அளவுக்குச் சுண்ணாம்பைக் கரையுங்கள். சிவந்ததும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் மஞ்சளாகி, கலக்கியதும் மறுபடி சிவப்பாகும். இன்னும் சில சொட்டுகள் விட்டால் மஞ்சள் போக நேரம் எடுக்கும். பிறகு ஒரு சொட்டில் மொத்தத் தண்ணீரும் மஞ்சளாகிவிடும். இந்த இழுபறியைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர்; அந்தச் சொல்லை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தால் போதும். முன்னால் சொன்னால் அது மனப்பாடச் சொல்லாகவே நின்றுவிடும். வெள்ளை வேட்டியில் சாம்பார்க் கறை சோப்புப் பட்டதும் சிவந்து, நன்றாக அலசியதும் மஞ்சளுக்குத் திரும்புவதும் இதே கதைதான்.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. அது காரத்தை மட்டுமே காட்டும். எலுமிச்சையிலும் மஞ்சள், உப்புத் தண்ணீரிலும் மஞ்சள், வெறும் தண்ணீரிலும் மஞ்சள். "மஞ்சள் மாறவில்லை, ஆகவே இது அமிலம்" என்று எழுதும் பிள்ளையிடம் "மாறாதது என்றால் காரம் அல்ல என்று மட்டும்தான் பொருள்" என்று திருத்த வேண்டும். மிகப் பொதுவான பிழை இது.

அமிலத்துக்குச் சங்குப்பூவை விட்டால் ஆள் இல்லை. நீலச் சங்குப்பூ பத்தைக் காம்பும் பச்சைப் புல்லியும் நீக்கி, 100 மில்லி கொதிநீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டினால் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிடக் கூடாது, நிறம் மங்கும். ஒரு தேக்கரண்டி நீலத்தில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, தயிரின் தெளிநீர் விட்டால் ஊதா, ஆப்ப சோடாக் கரைசலில் நீலப்பச்சை, சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சை. கடைசியாகச் சொன்ன பச்சை சில நிமிடங்களில் மஞ்சளை நோக்கிப் போகும். நிறமி சிதைந்துவிடுவதால் அதன் பிறகு எலுமிச்சை விட்டாலும் பழைய நீலம் முழுதாகத் திரும்பாது. ஆகவே நிறத்தை உடனே எழுதிவிட வேண்டும். "அப்புறம் எழுதலாம்" என்று விட்டால் தவறான நிறம் நோட்டில் ஏறும்.

செம்பருத்தியும் நல்லதுதான், ஆனால் அடர்சிவப்பு ஒற்றை அடுக்குப் பூவாக இருக்க வேண்டும். மஞ்சள், வெள்ளைக் கலப்பினப் பூக்கள் பயன்படா. இதழ் மட்டும் போதும். கசக்கினால் கொழகொழவென்று வரும் என்பதால் வெந்நீரில் ஊறவைத்துத் துணியில் வடிப்பது மேல். அமிலத்தில் கருஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். பீட்ரூட்டைப் பல குறிப்புகளில் பார்க்கிறேன். அதை விட்டுவிடலாம். அதன் நிறமி வேறு வகை; எலுமிச்சையிலும் தயிரிலும் ஆப்ப சோடாவிலும் ஏறக்குறைய ஒரே சிவப்பாக நின்று, கடுங்காரத்தில்தான் மஞ்சளாகும். பிள்ளைக்கு மிஞ்சுவது ஏமாற்றம்தான்.

பூவின் சாறு அமிலத்தையும் காரத்தையும் பிரித்துக்காட்டும் என்பதை 1664-இல் ராபர்ட் பாயில் எழுதிவைத்தார். அவர் எடுத்துக்கொண்டது வயலெட் பூவின் பாகு. அமில, காரத் தன்மையை எண்ணால் சொல்லும் பிஎச் என்ற அளவுகோலை (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சன் கொண்டுவந்தது 1909-இல்தான். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிறத்தையும் அளவையும் வைத்தே வேதியியலர்கள் வேலை பார்த்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இனி, நிறம் வராமல் போவதற்கான காரணங்கள். தமிழ்நாட்டில் முதல் எதிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகளால் தண்ணீரே லேசான காரத்தன்மையோடு இருக்கும். அந்தத் தண்ணீரில் ஊறவைத்த செம்பருத்தி, எதையும் சேர்க்கும் முன்பே சாம்பல் கலந்த ஊதாவாகவோ நீலமாகவோ நிற்கும். ஆர்.ஓ. வடிகட்டிக் கருவித் தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர் நல்லது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. கடையில் கேட்கும்போது பேட்டரித் தண்ணீருக்குப் பதில் பேட்டரி ஆசிட் கைக்கு வந்துவிடாமல் பெரியவர் ஒருவர் பார்த்து வாங்க வேண்டும். அது கந்தக அமிலம்.

இரண்டாவது எதிரி காகிதம். ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைக் காகிதத்தில் நிரப்பியாகக் கால்சியம் கார்பனேட் தூள் சேர்ப்பது வழக்கம். அதில் சங்குப்பூவையோ செம்பருத்தியையோ தடவினால் காகிதமே நிறத்தைக் கெடுக்கும். பழச்சாற்றின் அமிலத்தில் ஒரு பங்கையும் அது விழுங்கிவிடும். காபி வடிகட்டும் காகிதம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். ஆனால் அதில் சோப்பு மிச்சமிருக்கும். வெறும் தண்ணீரில் இரண்டு முறை கொதிக்கவைத்து அலசி, ஒரு மூலையில் மஞ்சள் தடவிப் பாருங்கள். அங்கே சிவப்புத் தட்டினால் இன்னொரு முறை அலச வேண்டும்.

மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். ஒரு தேக்கரண்டித் தூளை 25 மில்லி சர்ஜிகல் ஸ்பிரிட்டில் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வைத்தால் மேலே தெளிந்த ஆரஞ்சு நீர் நிற்கும். அதில் துணியை நனைத்து உலர்த்தி, விரல் அகலத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சாட்சிக் கிண்ணம் வேண்டும். எதுவும் சேர்க்காத நிறங்காட்டி ஒரு தேக்கரண்டி, பக்கத்திலேயே கடைசி வரை இருக்கட்டும். அது இல்லாமல் "கொஞ்சம் மாறின மாதிரி இருக்கு" என்ற பேச்சுக்கு முடிவே கிடையாது. ஓவியத்துக்கு வண்ணம் குழைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டு இதற்கு மிகப் பொருத்தம். குழிக்கு ஒரு பொருள் என்று வரிசையாக வைக்கலாம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. சலவை சோடாவும் சுண்ணாம்பும் அதை அரிக்கும். மொசைக், பளிங்குத் தரையில் எலுமிச்சையோ வினிகரோ சிந்தினால் பளபளப்புப் போகும். கீழே செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள்.

நுரை வந்தால் காரம் என்று நினைப்பது இன்னொரு பிழை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நன்றாக நுரைக்கும். ஆனால் இரண்டும் லேசான அமிலத்தன்மை உடையவை. அவற்றின் நுரை சபோனின் என்ற பொருளால் வருவது. குளியல் சோப்பு காரம். பாத்திரம் கழுவும் திரவங்களில் பலவும் நடுநிலைக்கு அருகில் இருப்பவை. ஆகவே "சோப்பு வகையெல்லாம் காரம்" என்று ஒரே வரியில் எழுதிப்போடாமல் ஒவ்வொன்றையும் சோதித்து எழுதச் சொல்லுங்கள். அதேபோல ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலப் பொருளும் சேர்ந்தே இருப்பதால் அது தண்ணீர் பட்டதுமே பொங்கி அடங்கி நடுநிலைப் பக்கம் வந்துவிடும். டப்பாவின் பெயரைப் படிக்காமல் எடுத்தால் சோதனை குழம்பும்.

ஆப்ப சோடாவில் மஞ்சள் ஏன் அடர்சிவப்பாகவில்லை என்று கேட்கும் பிள்ளை நன்றாகக் கவனித்திருக்கிறது என்று பொருள். அதன் கரைசல் பிஎச் 8.3 அளவில்தான் இருக்கும். மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும் எல்லையும் அதுவே. அதனால் ஆரஞ்சோடு நின்றுவிடும். இதை வைத்தே ஓர் அருமையான சோதனை இருக்கிறது. ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, பாதியை எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கொதிக்காத பாதியில் மஞ்சள் துணி ஆரஞ்சு. கொதித்த பாதியில் நல்ல சிவப்பு. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. கரியமில வாயு வெளியேறியதால் ஆப்ப சோடாவான சோடியம் பைகார்பனேட்டின் ஒரு பகுதி சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவை சோடாவாக மாறியிருக்கிறது. கொதிக்கும்போது வரும் சிறு குமிழ்களைப் பிள்ளை பார்க்கட்டும், அடுப்பைப் பெரியவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நிறத்தோடு நிறுத்திவிட்டால் பாதி பாடம் போய்விடும். மறுபாதி சொட்டு எண்ணுவதில் இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பெரியவர் செய்ய வேண்டும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். ஆகவே சுண்ணாம்பை ஒரு கரண்டி போட்டாலும் மூன்று கரண்டி போட்டாலும் தெளிநீரின் வலிமை ஒன்றே. தராசே இல்லாத வீட்டில் இவ்வளவு துல்லியமான கரைசல் வேறு எதிலும் கிடைக்காது. திறந்து வைத்தால் காற்றின் கரியமில வாயுவால் மேலே ஆடை கட்டி வலிமை குறையும், மூடிவைக்க வேண்டும்.

இந்தத் தெளிநீர் நான்கு தேக்கரண்டி, அதாவது 20 மில்லி எடுத்து, மஞ்சள் ஸ்பிரிட் ஐந்து சொட்டு விடுங்கள். இங்க் பில்லரால் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் கலக்க வேண்டும். சாற்றை முன்பே துணியில் வடிகட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கை பில்லரை அடைக்கும். பெரும்பாலும் இருபது சொட்டை ஒட்டிச் சிவப்பு போய்விடும். கரைசல் சற்றுக் கலங்கினால் பயப்பட வேண்டாம். அது சுண்ணாம்பும் எலுமிச்சையின் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட். அடுத்து வினிகர். எலுமிச்சையைப் போலவே ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து சொட்டு வரும். பிறகு தயிரின் தெளிநீர். இதற்குச் சொட்டு எண்ணிக் கட்டாது; தேக்கரண்டிக் கணக்கில் இரண்டு, மூன்று வேண்டியிருக்கும். நேற்று உறைந்த தயிரிலும் மூன்று நாள் புளித்த தயிரிலும் செய்து பார்த்தால் புளித்ததற்குக் குறைவாகவே ஆகும். புளிப்பு என்று நாக்கு சொன்னதை எண்ணாக எழுத முடிகிறது என்பது பிள்ளைக்குப் பெரிய விஷயம். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து மூன்று எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு சொட்டு முன்னே பின்னே இருப்பது இயல்பு, பத்துச் சொட்டு வித்தியாசம் என்றால் கலக்கியதில் அவசரம்.

புளிக்கரைசலின் பழுப்பு நிறத்தில் மஞ்சள் மறையும் தருணம் தெரியாது. அப்போது நிறங்காட்டியை உள்ளே விடாமல், ஐந்து சொட்டுக்கு ஒருமுறை குச்சியால் தொட்டு மஞ்சள் துணியில் வைத்துப் பார்க்க வேண்டும். துணி சிவக்காமல் நிற்கும் சொட்டே கணக்கு.

இன்னொன்றையும் செய்ய வைக்கலாம். இருபது சொட்டு எலுமிச்சையை அரைத் தம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துவிட்டு, அதே 20 மில்லி தெளிநீரில் ஊற்றுங்கள். அப்போதும் சிவப்பு போகும். தண்ணீர் விட்டால் புளிப்பு குறைகிறது. அமிலத்தின் அளவு குறைவதில்லை. பதினோராம் வகுப்பில் தடுமாறும் பல பிள்ளைகளுக்குத் தடையாக நிற்பது இந்த வேறுபாடுதான்.

ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கவைக்கும் 'எரிமலை'ச் சோதனைக்கும் அளவு சொல்லலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் ஆப்ப சோடா முழுதும் தீர 5 சதவீத வினிகர் 70 மில்லிக்குச் சற்று மேல் வேண்டும். வெளிவரும் வாயு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். இரண்டு கரண்டி வினிகரை ஊற்றிப் பொங்கியதும் கைதட்டி முடித்துவிட்டால் சோடாவில் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். பொங்கி அடங்கியதும் மஞ்சள் துணியால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது மிச்சம் என்று தெரியும். பாட்டில் மூடியை இறுக்கிவிட்டு இதைச் செய்யவே கூடாது, வெடித்துவிடும். பலூன் மாட்டலாம்.

சுண்ணாம்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெட்டிக்கடையில் விற்கும் சிறு பிளாஸ்டிக் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளை அழுத்தினால் அது பிதுங்கி நேராகக் கண்ணில் தெறிக்கும். இந்தியக் கண் மருத்துவர்கள் நன்கறிந்த விபத்து இது. காரம் கண்ணின் கருவிழிக்குள் அமிலத்தைவிட ஆழமாகவும் வேகமாகவும் இறங்கும், பார்வையே போகலாம். ஆகவே பொட்டலமும் சுண்ணாம்பு விழுதும் பிள்ளை கையில் போகக் கூடாது. தெளிநீர் மட்டும், அதுவும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. தப்பித்தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் இமையை விரித்துக் கழுவ வேண்டும், ஒட்டியிருக்கும் துகள்களைத் தண்ணீரோடு வெளியேற்ற வேண்டும், பிறகு நேராகக் கண் மருத்துவமனைக்கு. நடுநிலையாக்கல் படித்த பிள்ளை "எலுமிச்சை விட்டால் சரியாகிவிடும்" என்று நினைக்கும் ஆபத்து உண்டு. கண்ணிலோ தோலிலோ அதை ஒருநாளும் செய்யக் கூடாது என்று சோதனை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பு மட்டும்தான் வேண்டும். கிளிஞ்சல் சுட்ட நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

கழிவறை கழுவும் ஆசிட் இந்தப் பாடத்தில் வரவே வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சிங் பவுடர் எல்லா நிறங்காட்டியையும் வெளுத்துவிடும் என்பதால் சோதனைக்கும் அது உதவாது. சோதனைத் தட்டில் வைத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. எலுமிச்சையின் புளிப்பையும் பாகற்காயின் கசப்பையும் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளலாம். இங்கேயும் ஒரு திருத்தம்: பாகற்காய் கசந்தாலும் காரம் அல்ல, மஞ்சள் துணியே சொல்லிவிடும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் சோதனைக் குறிப்பு வரும்போது அளவும், எதிர்பார்க்கும் நிறமும், நிறம் வராவிட்டால் பார்க்க வேண்டியதும், எச்சரிக்கையும் ஒரே கட்டத்துக்குள் அச்சாகட்டும். எச்சரிக்கையைத் தனியே பொடி எழுத்தில் கீழே போட்டால் கத்தரித்து ஒட்டும் பிள்ளை அதை விட்டுவிட்டுத்தான் கத்தரிக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகச் செல்வோரிடமும் ஒன்று கேட்கிறேன்: எரிமலை எவ்வளவு உயரம் பொங்கியது என்று பார்க்கும் முன், அந்தப் பிள்ளையின் நோட்டை வாங்கி, எத்தனை சொட்டு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்